பண்டிதர் வீட்டுப் பேச்சு

பருத்திக்குன்றத்துப் பண்டிதர் பார்சுவநாத நயினார் தங்கமான மனிதர் என்று இன்றைக்கும் காஞ்சிபுரத்தில் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவரிடம் படித்துவிட்டு வாத்தியார் உத்தியோகத்துக்குப் போனவர்கள் செங்கல்பட்டு ஜில்லா முழுக்க இருக்கிறார்கள். அவர் பேரைச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களும் அவர்களில் உண்டு. அவரோடு குடித்தனம் செய்த குணமாலாவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள். ஏன் சொல்லியிருக்க மாட்டாள் என்பதுதான் இந்தக் கதை.

குணமாலா தென்னேரிக்காரி. அவள் அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த சமணக் குடியானவர். அந்த ஏரிக்கரையில் வளர்ந்த பெண்களுக்குக் குரல் சிறியதாக இருக்க வழியில்லை. கரைமேல் நின்று அவள் கூப்பிட்டால் மதகுக்கு அந்தப் பக்கம் களை எடுக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். குரல் பெரியது என்றால் பேச்சு அதைவிடப் பெரியது. ஆடு தொலைந்த கதையைத் தொடங்கினால் ஆட்டுக்காரன் கல்யாணம், அந்தக் கல்யாணத்தில் சாம்பார் தீய்ந்தது, தீய்த்தவளின் மாமியார் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு கடைசியில் ஆட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கட்டுவாள். கிணற்றடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் பெண்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அழகென்றோ படிப்பென்றோ அவளிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. இருந்ததெல்லாம் இந்த வாய்தான். எட்வர்டு ராஜா காலத்தில் ஒரு தை மாதம் அவளைப் பண்டிதருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

பண்டிதருக்கு உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளியில் வேலை. ஊர் வாயில் அது டிரெயினிங் இஸ்கூல். வாத்தியார் ஆகப்போகிறவர்களுக்குத் தமிழை எப்படிக் கற்பிப்பது என்று கற்பிக்கிற வேலை. தினமும் காலையில் வேகவதி ஆற்று மணலைக் கடந்து, பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தின் வழியாகப் பெரிய காஞ்சிபுரத்துக்குப் போவார், சாயங்காலம் அதே வழியாகத் திரும்புவார். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிடுவது சமணர் வீட்டு வழக்கம். ஆகவே எப்படியும் பொழுது சாயுமுன் வீட்டில் இருப்பார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அடுப்பில் பால் இருந்தது. குணமாலா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். பண்டிதர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பால் பொங்கிக்கினு இருக்குதுங்க, அந்தத் துணிய எடுத்து எறக்குங்க!"

பண்டிதர் துணியை எடுக்கவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

"பொங்கிக்கொண்டிருக்கிறது. சொல்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பொங்கி..." என்று இழுத்தாள்.

"பொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு தரம் சொல்."

இரண்டு தரம் சொன்னாள். அதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. பண்டிதர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. பால் போனால் நாளைக்கு வரும் என்றார். பெருந்தன்மைதான்.

அதிலிருந்து அந்த விரல் வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது. அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை போவதற்குள் அது எழும்பும். அவள் நிறுத்த வேண்டும். அவர் திருத்திச் சொல்வார். அவள் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் விட்ட இடம் எது என்பது அவளுக்கு மறந்துபோயிருக்கும். ஆடு தொலைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால் ஆடு தொலைவதற்கு முன்னாலேயே கதை தொலைந்தது.

அவர் கை நீட்டி அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அடித்திருந்தால் தாய்வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். என் புருஷன் என்னைத் திருத்துகிறார் என்று யாரிடம் போய் அழுவது? கேட்கிறவர்கள், கொடுத்துவைத்தவள் என்றல்லவா சொல்வார்கள்? அப்படித்தான் சொன்னார்கள்.

சனிக்கிழமைகளில் பயிற்சி மாணவர்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். கூடத்தில் பாய் விரித்துப் பாடம் நடக்கும். குணமாலா சமையற்கட்டில் நீர்மோர் கலந்துகொண்டே கேட்பாள். அதைக் கேட்கிறபோது அவளுக்கே அவர்மேல் ஆசையாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு நன்றாகச் சொல்லுவார்.

"உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு 'ப' என்று சொல்லுங்கள். காற்று கையில் மோதுகிறதா? இப்போது தொண்டையில் கையை வைத்து 'அ' சொல்லுங்கள். உள்ளே அதிர்கிறதா? பிள்ளைகளுக்கு எழுத்தை முதலில் காட்டாதீர்கள். முதலில் ஒலி. அதை வாயில் எங்கே பிறக்கிறது என்று தொட்டுக் காட்டுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம' சொல்லிப் பாருங்கள், வராது."

சமையற்கட்டில் குணமாலா மூக்கைப் பிடித்துக்கொண்டு 'அம்மா' என்று சொல்லிப் பார்த்தாள். 'அப்பா' மாதிரி என்னவோ வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன் சபாபதி அந்த மாணவர்களில் ஒருவன். அவன்தான் கேள்வி கேட்பான்.

"ஐயா, எங்க தெருவுல தெலுங்கு பேசற வீட்டுப் புள்ளைங்க நிறைய இருக்குது. தமிழ் பேசறப்போ தப்புத் தப்பா பேசுதுங்க. உடனே திருத்தணுமா, அப்புறம் திருத்தணுமா?"

"தப்பு என்று யார் சொன்னது?" என்று பண்டிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளை வெறும் வாயோடு பள்ளிக்கு வரவில்லை, சபாபதி. ஐந்து வயதுக்குள் ஒரு முழு மொழியை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வருகிறான். அவன் வீட்டுப் பேச்சுக்கும் விதி உண்டு. தெருப் பேச்சுக்கும் விதி உண்டு. அது எழுத்து வழக்கின் விதி அன்று, அவ்வளவுதான். அவன் பேசுகிறபோது குறுக்கே விழாதே. முழுக்கச் சொல்லவிடு. பிறகு அதையே நீ உன் வாயால் சரியாகச் சொல்லிக்காட்டு. விதி கடைசியில் வரட்டும். நடுவில் நிறுத்தினால் பிழை போகாது. பேச்சுத்தான் போகும்."

மாணவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். சமையற்கட்டில் குணமாலா மத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அன்றைக்குத் தாய்வீட்டிலிருந்து சேதி வந்திருந்தது. தங்கை மதனவதிக்கு மாகறலில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் இலை போட்டுவிட்டு அந்த மாப்பிள்ளை கதையைத் தொடங்கினாள். மாகறல் என்ற பேரைத் தாண்டுவதற்குள் விரல் எழும்பியது.

"முழுக்கச் சொல்ல விடணும்னு மத்தியானம் சொன்னீங்களே?" என்றாள், சிரித்துக்கொண்டே.

"அது குழந்தைகளுக்குச் சொன்னது. நீ ஒரு பண்டிதனின் மனைவி."

அதற்குமேல் என்ன இருக்கிறது பேச? மாப்பிள்ளைக்கு மாறுகண் என்பதை மதனவதியின் கல்யாணத்தன்றுதான் பண்டிதர் தெரிந்துகொண்டார்.

இதற்கெல்லாம் முன்னாலேயே, கல்யாணமான மூன்றாம் வருஷம், மகன் பிறந்திருந்தான். பாகுபலி என்று பேர் வைத்தார்கள். அவன் வாய் திறந்த நாள்முதல் குணமாலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பண்டிதர் ஆற்றைக் கடந்து அந்தக் கரை ஏறினதும் இந்தக் கரையில் பேச்சு ஆரம்பிக்கும். தென்னேரி ஏரி, மதகு, தொலைந்துபோன ஆடு எல்லாம் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடிக்கு வந்து சேரும். பையன் கேட்டுக்கொண்டே இருப்பான். "அப்புறம் இன்னாச்சும்மா?" என்பான். அவளை அப்புறம் என்று கேட்க அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

அப்பா வீட்டில் இருக்கும்போது பையன் பேசமாட்டான். பொல்லாத பயல், கற்றுக்கொண்டுவிட்டான். ஆனால் அவர் போனதும் சின்ன ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு, மோவாயை இழுத்து வைத்துக்கொண்டு, "பொங்கிக்கொண்டிருக்கிறது, ரெண்டு தரம் சொல்லு" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்வான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து சுவரில் சாய்ந்துவிடுவாள்.

சாயங்காலங்களில்தான் அவனோடு போராட்டம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். அவனோ ஆற்று மணலில் இருப்பான். அவள் வாசலில் நின்று ஏரிக்கரைக் குரலில் கூப்பிடுவாள்.

"வெளிச்சம் போவுதுடா! சோறு ஆறுதுடா!"

"வந்துக்கினே இருக்கறேம்மா!" என்று மணலிலிருந்து பதில் வரும். ஆள் வரமாட்டான். மறுபடி கூப்பிடுவாள். மறுபடி வந்துக்கினே இருப்பான். கடைசியில் சூரியனோடு பந்தயம் கட்டிக்கொண்டு ஓடிவருவான். தினமும் இதே கூத்துதான்.

பையனுடைய ஐந்தாவது வயதில், வைகாசி மாதத்தில், சின்னக் காஞ்சிபுரத்தில் கருடசேவை முடிந்து வெளியூர் ஜனங்கள் திரும்பிப் போனார்கள். வாந்திபேதி மட்டும் தங்கிவிட்டது. ஆற்றைத் தாண்டி பருத்திக்குன்றத்துக்கும் வந்தது. காலையில் மணலில் விளையாடிக்கொண்டிருந்த பையனை மறுநாள் மத்தியானம் பாயில் கிடத்தியிருந்தார்கள்.

தென்னேரியிலிருந்தும் மாகறலிலிருந்தும் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். குணமாலா அதுவரை கல்லாக இருந்தாள். பொழுது சாயப் பார்த்ததும் அவளுக்கு வாய் திறந்தது. அந்த நேரத்துக்கு வாசலில் நின்று கூப்பிட்டுப் பழகிய வாய்.

"வெளிச்சம் போவுதுடா, சோறு ஆறுதுடா, வந்துக்கினே இருக்கறேன்னியேடா, வாசல்லயே நிக்கறேனேடா, நீ இன்னும் வந்துக்கினு..."

பண்டிதர் கூடத்துக்குள் வந்தார். அழுது கண் சிவந்திருந்ததாகச் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. பெண்கள் அத்தனை பேர் நடுவில் அவர் விரலைத் தூக்கினார்.

"ஓலமிடுவது வினையைப் பெருக்கும், குணமாலா. பஞ்ச நமஸ்காரம் சொல்."

அவள் நிறுத்திவிட்டாள். பழக்கம். விரல் எழும்பினால் நிறுத்த வேண்டும் என்று வாய்க்குப் பழகிப்போயிருந்தது. வாக்கியம் பாதியில் நின்றது. மற்றப் பெண்களும் அடங்கிவிட்டார்கள். பண்டிதர் சொல்லச் சொல்ல அவள் மந்திரத்தை இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள். அதற்குள் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மிச்சம் அவள் தொண்டைக்குள்ளேயே இருந்தது. ஒரு நாள் அதை அழுது தீர்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் அவர் வீட்டில் இருந்தால் விரல் இருக்கும். அவர் இல்லாத நேரத்தில் வாயைத் திறந்தால், கேட்டு அப்புறம் என்று சொல்ல ஆள் இல்லை. இப்படியே நாள் போனது.

சர்க்கார் ஜெர்மனிக்காரனோடு சண்டையைத் தொடங்கிய அடுத்த வருஷம் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. மதராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தோரணம் கட்டினார்கள். வாத்தியார்கள் வீட்டுப் பெண்கள் உட்காருவதற்கு ஒரு பக்கம் மூங்கில் தட்டி வைத்து மறைப்புச் செய்திருந்தார்கள். குணமாலாவும் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் தலைமை உபாத்தியாயர் மனைவி கிருஷ்ணம்மாள்.

விழாவின் முக்கியமான சங்கதி மாதிரிப் பாடம். தேறப்போகிற மாணவர்களில் கெட்டிக்காரனாக ஒருவனைப் பொறுக்கி, பள்ளியோடு சேர்ந்த சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு எல்லார் முன்னிலையிலும் பாடம் நடத்தச் சொல்வார்கள். அந்த வருஷம் சபாபதி. பாடம், பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுவது. உதாரணங்களைப் பண்டிதரே எழுதிக் கொடுத்திருந்தார். புத்தகத்து உதாரணம் கூடாது, ஜனங்கள் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது அவருடைய முறை. அதற்காகவே அவருக்குப் பேர்.

சபாபதி கரும்பலகையில் எழுதி உரக்கப் படித்தான். "கத்திரிக்கா இன்னா வெலம்மா?" ஒரு பையன் எழுந்து மாற்றிச் சொன்னான். "தறி நின்னுபூட்ச்சு." இன்னொருவன் சொன்னான். சபை சிரித்து ரசித்தது. சபாபதி மூன்றாவதை எழுதினான். எழுதிவிட்டுத் திரும்பி, நல்ல கணீரென்ற குரலில் படித்தான்.

"வெளிச்சம் போவுதுடா, சோறு ஆறுதுடா, வந்துக்கினே இருக்கறேன்னியேடா."

குணமாலாவுக்கு முதலில் யாரோ தன்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். பிறகுதான் விளங்கியது.

முன் வரிசையிலிருந்து ஏலவார்குழலி என்ற சின்னப் பெண் எழுந்தாள். இரட்டைப் பின்னல், கனகாம்பரம். கையைக் கட்டிக்கொண்டு ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள்.

"வெளிச்சம் போகிறதடா. சோறு ஆறுகிறதடா. வந்துகொண்டே இருக்கிறேன் என்றாயேடா."

சபை கை தட்டியது. இன்ஸ்பெக்டர் "வெரி குட்" என்றார். பண்டிதர் தலையை லேசாகக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். கிருஷ்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குணமாலாவின் தோளில் தட்டினாள்.

"எந்த வூட்டுப் பொம்பள பேச்சோ தெரியலம்மா! உங்க வூட்டுக்காரரு எங்கேருந்துதான் புடிக்கிறாரோ இதெல்லாம்!"

அன்று திரும்பும்போது வேகவதி மணலில் பண்டிதர் முன்னால் நடந்தார். அவள் பின்னால். பாதி ஆற்றில், பையன் விளையாடின இடத்தில், அவள் நின்றுவிட்டாள்.

"அத ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். எதைக் கேட்கிறாள் என்பது அவருக்கு உடனே தெரிந்தது. அதுதான் மன்னிக்க முடியாதது.

"அது அருமையான உதாரணம், குணமாலா. நிகழ்காலம், நிகழ்ந்துகொண்டிருப்பது, பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வது, மூன்றும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. தேடினாலும் கிடைக்காது."

"அது என் புள்ளைக்குச் சொன்னது."

விரல் எழும்பியது.

"பிள்ளைக்கு. என் பிள்ளைக்குச் சொன்னது. சொல்."

குணமாலா சொல்லவில்லை. கல்யாணமான நாள்முதல் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்லவில்லை. அவரைத் தாண்டி நடந்து, வீட்டுக்குப் போய், வெளிச்சம் இருக்கும்போதே அவருக்குச் சோறு போட்டாள்.

மகனை மறக்க முடியாமல் அவன் பேச்சை அப்படியாவது வைத்துக்கொண்டார் பாவம், என்று பிற்காலத்தில் சில பேர் சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அவ்வளவு தாராள மனசு கிடையாது. வைத்துக்கொள்கிறவன் நெஞ்சில் வைத்துக்கொள்ளட்டும், பலகையில் எழுதிக் கைதட்டல் வாங்க வேண்டாம்.

சபாபதிக்கு யார் சொன்னார்களோ தெரியாது, மறு சனிக்கிழமை பாடத்துக்கு முன்னாலேயே வந்து சமையற்கட்டு வாசலில் நின்றான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாது" என்றாள் குணமாலா. நீர்மோரை அவன் கையில் கொடுத்தாள்.

அதிலிருந்து அவள் பேச்சு அவ்வளவுதான். ஒரு சொல், இரண்டு சொல். இலை போட்டாயிற்று. தண்ணீர். வருகிறேன். இல்லை. எது எழுவாய், எது பயனிலை என்று திருத்துவதற்கு இடமே வைக்காத பேச்சு. பண்டிதர் ஒரு மாதம் போல அதைக் கவனிக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் கேட்டார்.

"ஏன் இப்போதெல்லாம் நீ பேசுவதே இல்லை?"

அவள் அரிக்கும் அரிசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "பேசுவதற்கு ஒன்றும் இல்லை."

பண்டிதர் முகம் மலர்ந்தது. "பார்! எவ்வளவு அழகாக வந்தது! இத்தனை வருஷம் நான் பட்ட பாடு வீண்போகவில்லை" என்றார்.

வருஷா வருஷம் புது மாணவர்கள் வந்தார்கள். வருஷா வருஷம் அந்த மூன்றாவது உதாரணம் பலகையில் ஏறியது. படித்து முடித்தவர்கள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு கூரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் உத்திரமேரூருக்கும் வாத்தியார்களாகப் போனார்கள். ஒருமுறை தங்கை வீட்டுக்கு மாகறலுக்குப் போயிருந்தபோது, தெருமுனைப் பள்ளிக்கூடத்துக் கூரைக்குள்ளிருந்து பிள்ளைகள் ஒரே ராகத்தில் கத்துவது கேட்டது. "வெளிச்சம் போகிறதடா. சோறு ஆறுகிறதடா." மதனவதி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்தினால் கேட்காமல் இருக்குமா? ஜில்லா முழுக்கப் பிள்ளைகள் அவள் அழுகையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

சபாபதி அதே பயிற்சிப் பள்ளிக்குத் தமிழ் வாத்தியாராக வந்து சேர்ந்தான். அவன் மட்டும் அந்த உதாரணத்தை எடுப்பதில்லை. பண்டிதர் கேட்டபோது, மறந்துவிட்டது ஐயா, என்றான்.

பண்டிதர் ஓய்வுபெறும் வருஷத்துக்கு முந்தின வருஷம், கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, குளித்துவிட்டு ஜினாலயத்துக்குப் புறப்பட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். குணமாலாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாதியில் போய்விட்டார்.

சேதி எட்டுகிற ஊர்களிலிருந்தெல்லாம் வாத்தியார்கள் வந்தார்கள். தென்னேரி ஜனங்கள் வாலாஜாபாத் வழியாக பஸ் பிடித்து வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. குளிப்பாட்டி, நெற்றிக்கு இட்டு, கால் கட்டைவிரல்களையும் கைக் கட்டைவிரல்களையும் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். குணமாலா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஒரு சத்தம் இல்லை.

"அழுதுடு அக்கா, அழுதுடு" என்று மதனவதி அவள் முதுகைத் தடவினாள்.

"இருபது வருசத்துக்கு மேல வாழ்ந்துட்டு இப்படியா உக்காந்துக்கினு இருப்பா ஒருத்தி?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி முணுமுணுத்தாள். மற்றவர்களும் அதையேதான் நினைத்தார்கள், சொல்லவில்லை.

பேச்சும் புகழுரையுமாக நேரம் ஓடிவிட்டது. பங்காளி ஒருவர் வாசலில் நின்று மேற்கே பார்த்துவிட்டு உள்ளே எட்டிக் குரல் கொடுத்தார்.

"வெளிச்சம் போவுதுப்பா. சீக்கிரம் எடுத்துடலாம்."

குணமாலா தலையைத் தூக்கினாள். உதடு அசைந்தது.

"வெளிச்சம் போவுதுடா" என்றாள்.

எந்தப் பெண்ணாவது புருஷன் பிணத்தைப் பார்த்து 'டா' போடுவாளா? கிழவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் நின்ற வாத்தியார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். அவர்கள் கற்றதும் கற்பித்ததும் அதுதானே. அது எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சபாபதிக்கும் மதனவதிக்கும் மட்டும் தெரிந்தே இருந்தது. அவள் அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"சோறு ஆறுதுடா. வந்துக்கினே இருக்கறேன்னியேடா. வாசல்லயே நிக்கறேனேடா. நீ இன்னும் வந்துக்கினு..."

அங்கே நின்றாள். பழைய இடம். கண்கள் தானாகப் பண்டிதரின் வலது கைக்குப் போயின. அந்தக் கையைப் பார்த்தபடியே காத்திருந்தாள். எத்தனை நேரம் காத்திருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கட்டியிருந்த கை மார்புமேல் கிடந்தது. விரல் எழும்பவில்லை.

"...வந்துக்கினுதான்டா இருக்கற என் ராசா! நானும் கூப்டுக்கினுதான்டா இருக்கறேன்! அம்மாவ வாசல்ல வுட்டுட்டு எங்கடா ஆடப் போன? அந்த ஆடு கெடச்சுதுடா, அப்புறம் இன்னாச்சுன்னு கேக்காமயே போனியேடா!"

ஏரிக்கரைக் குரல் திரும்பி வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள் என்று பிள்ளையார்பாளையத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். பையனின் ஒவ்வொரு பல்லும், ஒவ்வொரு ஜுரமும், மணலில் அவன் கட்டின ஒவ்வொரு கோவிலும் அந்தக் கூடத்துக்கு வந்தது. அவன் விரல் தூக்கிச் சிரிக்கவைத்ததும் வந்தது. பெண்கள் எல்லாரும் அழுதார்கள். முணுமுணுத்த கிழவிதான் எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். தலைமாட்டில் இருந்தபடி குணமாலா அழுததில் அவள் புருஷனுக்கென்று ஒரு சொல் இல்லை.

பங்காளிகள் எடுப்பதற்காக எழுந்தார்கள். சபாபதி வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"வெளிச்சம் போயிடும் சார்" என்றார் ஒருவர்.

"போவட்டும். அம்மா முழுக்கச் சொல்லட்டும்."

வெளிச்சம் போய்விட்டது. இருட்டின பிறகு எடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆகவே பண்டிதர் அன்றைக்குப் போக முடியவில்லை. கூடத்திலேயே கிடந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், விடிகிறவரைக்கும் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.